பயிர் பச்சையாக இருக்கிறது, மணியில் என்ன இருக்கிறது?

கன உலோக மாசு பற்றிய தாவர ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கும், அந்த ஆய்வுகளை வெளியிடும் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். மண்ணில் சேர்ந்துவிட்ட காட்மியமும் ஈயமும் ஆர்செனிக்கும் பயிரை என்ன பாடு படுத்துகின்றன என்று ஆராய்வதுதான் என் வேலை. உங்களில் சிலர் என் விண்ணப்பங்களைப் படித்திருப்பீர்கள். உங்கள் இதழ்களுக்கு வந்த கட்டுரைகளை நானும் மதிப்பிட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்தத் துறையில் செலவாகும் பணமும் உழைப்பும் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன: உலோகம் கூடக்கூடச் செடி எப்படித் தவிக்கிறது? அந்த மண்ணில் விளைந்ததை உண்ணப்போகிறவருக்கு இந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. செடி வாடுவதற்கு வெகுமுன்பே அதன் மணி உண்ணத் தகாததாகிவிடலாம். காட்மியம் விஷயத்தில் அடிக்கடி நடப்பது அதுதான்.

பெரும்பாலான பயிர்களில், இலையின் உலர் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியமாவது ஏறிய பிறகுதான் மஞ்சளடிப்பதும் வளர்ச்சி குன்றுவதும் கண்ணில் படத் தொடங்கும். சில பயிர்கள் 30 வரைகூடத் தாங்கும். தீட்டிய அரிசிக்கு, சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் உணவுத் தர ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்போ கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். கோதுமைக்கு 0.2. இலையையும் மணியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இலை அறிகுறி காட்டும் கட்டத்துக்கும் மணி வரம்பை மீறும் கட்டத்துக்கும் நடுவே பரந்த இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் இருக்கும் வயல் செழிப்பாக, கதிர் நிறைந்து, குறை சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்கும். செடியின் தவிப்பைக் காட்ட நாம் அளக்கும் எந்த அழுத்தக் குறியீடும் அங்கே எச்சரிக்காது.

இது புதிய செய்தியும் அல்ல. அமெரிக்க வேளாண் அறிஞர் ரூஃபஸ் சேனி 1980லேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். மண்ணுக்கும் உண்பவருக்கும் நடுவே செடி ஒரு தடுப்பாக நிற்கிறது, அந்தத் தடுப்பு எல்லா உலோகங்களுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்றார் அவர். ஈயம் மண்ணிலும் வேரிலும் சிக்கிக்கொண்டு தண்டில் அதிகம் ஏறாது. துத்தநாகமும் செம்பும் நிக்கலும் மிகுந்தால், மனிதருக்குக் கேடு வரும் அளவு சேர்வதற்குள் பயிரே பட்டுப்போகும். ஆகவே அந்த மூன்றுக்கும் செடியின் வாட்டம் நல்ல எச்சரிக்கை. காட்மியத்திடம் இந்தத் தடுப்பு செல்லுபடியாவதில்லை. செடி தளராமல் அதை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த இந்த வேறுபாட்டை இன்றைய கட்டுரைகள் மறந்துவிட்டு, செம்புக்கும் காட்மியத்துக்கும் ஒரே வாய்ப்பாட்டைப் போடுகின்றன.

இதன் விலை என்ன என்பதற்கு ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் ஓடும் ஜின்சு ஆறு சாட்சி. மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்றுநீர் நெல் வயல்களில் பாய்ந்தது. அந்த அரிசியையும் நீரையும் பல ஆண்டுகள் உட்கொண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, இருமினாலே முறியும் நிலை வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல குழந்தைகளைப் பெற்ற, நடுவயது தாண்டிய பெண்கள். ஹாகினோ நொபோரு என்ற உள்ளூர் மருத்துவர் காரணத்தைச் சுரங்கத்தை நோக்கிச் சுட்டியபோது அவரை நம்பியவர்கள் குறைவு. 1968ல்தான் அரசு காட்மியமே காரணம் என்று ஏற்றது. இத்தாய்-இத்தாய் என்று உலகம் அறிந்த நோய் அது. கெட்டுப்போன வயல்களின் மண்ணைச் சீரமைக்கும் வேலை 2012ல்தான் முடிந்தது. நோய் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகும் மண்ணைச் சரிசெய்ய ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது.

காட்மியம் உடலுக்குள் போனால் எளிதில் வெளியேறாது. சிறுநீரகத்தில் தங்கியதில் பாதி நீங்குவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்பது பொதுவான மதிப்பீடு. அதனால்தான் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 2010ல் வரம்பை நாள் கணக்கில் சொல்லாமல், உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் என்று மாதக் கணக்கில் நிர்ணயித்தது. ஒரு வேளை உணவில் கூடிக் குறைவது பெரிதல்ல. ஆண்டுக்கணக்கில் சேர்வதே ஆபத்து. இப்படி மெதுவாகச் சேரும் ஒன்றைப் பற்றி, ஏழு நாள் நாற்றை வைத்து நாம் முடிவு சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஏழு நாள் சோதனையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். விதையை ஈரத்தாளில் முளைக்க வைத்து, ஊட்டக் கரைசல் நிரம்பிய தட்டுக்கு மாற்றுகிறோம். கரைசலில் காட்மியம் குளோரைடு சேர்க்கிறோம், பெரும்பாலும் 50 அல்லது 100 மைக்ரோமோல் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு). 100 மைக்ரோமோல் என்றால் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கும் சற்று மேல். மிதமாக மாசுபட்ட மண்ணில்கூட, வேரைச் சுற்றியுள்ள நீரில் கரைந்திருக்கும் காட்மியம் பொதுவாக 1 மைக்ரோமோலைத் தாண்டாது. அதாவது எந்த வயலிலும் நேராத ஒரு தாக்குதலை நாற்றின் மேல் ஏவுகிறோம். மூன்றாம் நாள் வேர் நுனி பழுப்பாகி நீட்சி நிற்கிறது. ஏழாம் நாள் இலையைத் திரவ நைட்ரஜனில் இட்டு அரைத்து, மலோன்டைஆல்டிஹைடு (செல் சவ்வு சிதைவின் அடையாளம்) ஏறியது, புரோலின் (ஒரு அமினோ அமிலம்) ஏறியது, கேட்டலேஸ் (ஒரு நொதி) மாறியது, பச்சையம் இறங்கியது என்று நான்கு படங்கள் வரைகிறோம். வறட்சியில் வைத்தாலும் உப்பில் வைத்தாலும் குளிரில் வைத்தாலும் செடியில் புரோலின் ஏறும். உலோகத்துக்கே உரிய தகவல் அதில் மிகக் குறைவு.

ஈயத்தை வைத்துச் செய்யும் சோதனைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பாஸ்பேட் உள்ள ஊட்டக் கரைசலில் ஈய நைட்ரேட்டை ஊற்றினால் கரைசல் வெண்மையாகக் கலங்கி, சிறிது நேரத்தில் அடியில் மாவு போலப் படியும். அது ஈய பாஸ்பேட். தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கும் அளவு ஈயம் வேருக்குக் கிடைப்பதே இல்லை. செடி வாடினால் ஈயத்தாலா, பாஸ்பேட் பறிபோனதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் படிவைக் கண்ணால் பார்த்த ஆய்வு மாணவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கட்டுரையின் செய்முறைப் பகுதியில் அதைப் பற்றி ஒரு வரி இருப்பது அரிது. மதிப்பீட்டாளர் கேட்டால்தான் எழுதுவார்கள்; ஆசிரியர்கள் சொன்னால்தான் மதிப்பீட்டாளர் கேட்பார்.

ஆய்வுக்கூடத் தட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று வயலை எட்டிக்கூடப் பார்க்காமல் நடந்தது. 1985ல் கிரில், வினாக்கர், சென்க் ஆகிய மூவரும் சர்ப்பகந்தாவின் செல்களைக் குடுவையில் வளர்த்து, அவற்றுக்குக் காட்மியம் கொடுத்து, ஃபைட்டோகெலாட்டின் என்ற சிறு புரதத் துணுக்குகளைப் பிரித்தெடுத்தார்கள். செல்லில் இயல்பாக உள்ள குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறிலிருந்து செடியே இவற்றைக் கோத்துக்கொள்கிறது. இவற்றிலுள்ள கந்தகம் காட்மியத்தைப் பற்றிப் பிடிக்கிறது. பிடித்ததைச் செல்லின் நடுவே உள்ள வெற்றிடப் பைக்குள் தள்ளி அடைத்துவிடுகிறது செடி. எந்த மூலக்கூறு என்பதே அங்கே கேள்வி, அதற்கு அந்த முறை பொருத்தமாக இருந்தது. எனக்கு வருத்தமெல்லாம், உணவுப் பாதுகாப்பு என்று முன்னுரையில் எழுதிவிட்டு உள்ளே உணவையே தொடாத கட்டுரைகளைப் பற்றித்தான்.

செடி காட்மியத்தை விரும்பி எடுப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் உள்ளே வருவதற்காக வேர் வைத்திருக்கும் கடத்திகள் வழியாகவே அதுவும் நுழைகிறது. ஆர்செனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனேட் பாஸ்பேட்டின் வழியில் வருகிறது. நீர் கட்டிய நெல் வயலில் அதன் மற்றொரு வடிவமான ஆர்செனைட் சிலிக்கான் வரும் வழியில் வருகிறது. எனவே ஒரு வயலில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பது பாதிக் கதைதான். மண்ணின் அமிலத்தன்மை, கரிமப் பொருள், துத்தநாகம் போதிய அளவு இருக்கிறதா, எப்போது நீர் கட்டினார்கள், எப்போது வடித்தார்கள் என்பவை மீதிக் கதையைத் தீர்மானிக்கின்றன. தட்டில் இவை எதுவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் புதிதாக உலோக உப்பு கலந்த தொட்டி மண்ணிலும் இவை சரியாக வராது. புதிதாகக் கலந்த உலோகம், ஆண்டுக்கணக்கில் மண்ணோடு கிடந்து இறுகிப்போன உலோகத்தைவிட எளிதாகக் கரையும்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது ஒன்று உண்டு: தாங்குதிறன் என்ற சொல்லை நாம் கையாளும் விதம். கடந்த சில ஆண்டுகளில் உங்களுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு பெரும் பங்கு இந்த அமைப்பில் இருக்கும்: காட்மியத்தில் வாடும் நாற்றுக்கு சாலிசிலிக் அமிலமோ மெலடோனினோ சிலிக்கானோ ஏதோ நானோ துகளோ தெளித்தோம், நாற்று தேறியது, பச்சையம் கூடியது, ஆகவே இது மாசுபட்ட நிலங்களில் சாகுபடிக்கு உதவும். செடி தேறியது எப்படி? உலோகத்தை உள்ளே விடாமல் தடுத்துத் தேறியதா, உள்ளே வாங்கி இலையிலும் தண்டிலும் அடைத்துவைத்துத் தேறியதா? இரண்டாவது என்றால், நாம் செய்தது ஒரு நல்ல எச்சரிக்கையை அணைத்தது. முன்பு பட்டுப்போயிருக்கும் பயிர் இப்போது அறுவடைக்கு வந்து நிற்கும். மணியை அளக்காமல் இந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. சிலிக்கான் போன்றவற்றில் உள்ளே ஏறுவதும் குறைகிறது என்று அளந்து காட்டிய நல்ல ஆய்வுகளும் உண்டு. அவற்றை மதிப்பதற்காகவாவது அளக்காதவற்றைத் திருப்பி அனுப்புங்கள்.

அளந்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. சத்தோரு இஷிகாவாவும் அவர் குழுவினரும் கோஷிஹிகாரி என்ற நெல் ரகத்தின் விதைகளில் மரபணு மாற்றங்களை உண்டாக்க அவற்றைக் கார்பன் அயனிக் கற்றையால் தாக்கி, அவற்றின் சந்ததியைக் காட்மியம் உள்ள மண்ணில் வளர்த்து, செடி செடியாக மணியைச் சோதித்தார்கள். தாய் ரகத்தின் மணியில் கிலோவுக்கு 1.73 மில்லிகிராம் இருந்த இடத்தில், மூன்று செடிகளில் 0.05க்கும் கீழே இருந்தது. மாங்கனீசை உள்ளே கொண்டுவரும் ஒரு கடத்தியின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று 2012ல் வெளியிட்டார்கள். அந்தச் செடிகள் பார்வைக்குத் தாய் ரகத்திலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. இலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அவை யார் கண்ணிலும் பட்டிருக்காது. மாங்கனீசு குறைவான மண்ணில் இந்த வகை எப்படி நடந்துகொள்ளும் என்பது தனிக் கேள்வி. அதற்கும் வயலில்தான் விடை காண வேண்டும்.

நீர் மேலாண்மையும் அப்படித்தான். கதிர் வெளிவருவதற்கு முன் மூன்று வாரங்களும் பின் மூன்று வாரங்களும் நெல் வயலில் நீரைக் கட்டியே வைத்தால், காற்றில்லாத சேற்றில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும், மணியில் வெகுவாகக் குறையும். மணி முற்றும் தறுவாயில் வயலைக் காயவிட்டால் அது மறுபடி கரைந்து ஏறிவிடும். ஆனால் நீர் கட்டிய அதே சேற்றில் ஆர்செனிக் கரையும். ஒன்றைக் குறைக்கப்போய் மற்றொன்றைக் கூட்டிவிடலாம். இரண்டும் உள்ள வயலுக்கு எத்தனை நாள் நீர், எத்தனை நாள் காய்ச்சல் என்ற கணக்கு மண்ணுக்கு மண் வேறுபடும். உழவருக்கு உடனே கை கொடுக்கக்கூடிய ஆராய்ச்சி இது. புதிய மரபணு எதுவும் கிடைக்காது என்பதால் பெரிய இதழ்கள் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

என் விண்ணப்பம் ஒன்றும் அப்படித் திரும்பி வந்ததுதான். ஏற்கெனவே மாசுபட்டிருந்த வயல் மண்ணில், விதைப்பிலிருந்து அறுவடை வரை சில ரகங்களை வளர்த்து மணியை அளப்பது திட்டம். புதுமை போதாது என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். குறிப்பு எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை. படிவத்தில் புதுமைக்கு மதிப்பெண் இருந்தது, உண்ணும் பாகத்தை அளப்பதற்கு இல்லை. அவர் படிவப்படி நடந்துகொண்டார். அந்தப் படிவத்தை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் தவறாமல் வரும் இன்னொரு வாக்கியத்தையும் சொல்லியாக வேண்டும்: இந்தச் செடி மாசுபட்ட மண்ணைத் தூய்மைப்படுத்தப் பயன்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 20 சென்டிமீட்டர் ஆழ மேல்மண் சுமார் 2,600 டன். அதில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியத்தைக் குறைக்க வேண்டுமென்றால் 2.6 கிலோ உலோகத்தை வெளியே எடுக்க வேண்டும். ஹெக்டேருக்கு 10 டன் உலர் எடை தரும் பயிர், கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் உறிஞ்சினால், ஒரு அறுவடையில் போவது 100 கிராம். வேகம் குறையாமல் உறிஞ்சினாலும் 26 அறுவடைகள் வேண்டும். நியூ கலிடோனியாவில் ஒரு மரம் இருக்கிறது; அதன் பாலில், உலர் எடையில் கால் பங்கு நிக்கல் என்று 1976ல் கண்டறிந்தார்கள், பால் நீலப்பச்சையாகவே வடியும். 2001ல் ஒரு வகைப் பெரணி ஆர்செனிக்கை மலைக்க வைக்கும் அளவுக்குத் திரட்டுவதாகக் காட்டினார்கள். இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சிலிர்க்கும். இப்படிப்பட்ட மிகைத்திரட்டிகளுக்கு அந்தக் கணக்கு கூடிவரலாம். அப்போதும் அறுத்த செடியை எங்கே கொண்டுபோய் எரிப்பது, சாம்பலை யார் பொறுப்பில் வைப்பது என்ற கேள்விகள் இருக்கும். தொட்டியில் வளர்ந்த கடுகு நாற்றின் வேரில் காட்மியம் அதிகம் என்பதை வைத்து அந்த வாக்கியத்தை எழுதவே கூடாது. எத்தனை அறுவடை வேண்டும் என்ற கணக்கைச் சேர்க்காமல் அதை அச்சேற்ற மாட்டோம் என்று ஆசிரியர்கள் சொல்லிவிட்டால் போதும், பாதி தானாகக் குறையும்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. இதழ்கள், சோதித்த அளவு எந்த மண்ணின் எந்த நிலைக்கு ஒப்பானது என்று ஆய்வாளர் விளக்க வேண்டும் என்று விதிக்கலாம். மண் சோதனை என்றால் மொத்த உலோகத்தோடு செடிக்குக் கிடைக்கும் பங்கும் அமிலத்தன்மையும் இருக்க வேண்டும். உணவுப் பயிர் என்றால் உண்ணும் பாகத்தின் அளவு இருக்க வேண்டும். தெளிப்பு பயன் தரவில்லை, ரகங்களுக்குள் வேறுபாடு இல்லை என்று வரும் முடிவுகளுக்கும் இடம் வேண்டும். அவை தெரியாமல் வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் அதே வேலையைத் திரும்பச் செய்துகொண்டிருக்கின்றன.

நிதிக் குழுக்களுக்குக் கூடுதலாக ஒன்று. மணியை அளப்பது எளிது என்று நினைத்து அதற்குப் பணம் ஒதுக்காமல் விட்டுவிடுகிறீர்கள். அரைக்கும் ஆலையின் எஃகிலிருந்தே குரோமியமும் நிக்கலும் மாவில் கலந்துவிடும். அதற்கு வேறு பொருளாலான கலம் வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் செரிக்க வைத்து, மிக நுண்ணிய உலோக அளவையும் காட்டும் ஐசிபி-எம்எஸ் கருவியில் ஓட்ட வேண்டும். அதற்கு ஆர்கான் வாயு தீராமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியோடும் உலோக அளவு சான்றளிக்கப்பட்ட அரிசி மாவைச் சேர்த்து ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியை அறிந்த ஒரு நுட்பர் நிரந்தரமாக இருக்க வேண்டும். கருவி வாங்கப் பணம் தருகிறீர்கள், அதை இயக்குபவருக்குத் தருவதில்லை. விதைப்பிலிருந்து அறுவடை வரை குறைந்தது இரண்டு பருவம், உண்மையான மாசு மண்ணில் நடக்கும் ஆய்வுக்கு ஒவ்வொரு நிதிச் சுற்றிலும் ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

நிலத்துக்காரர்களையும் மறந்துவிடாதீர்கள். மாதிரி எடுக்க நாம் வயலில் இறங்கும்போது அவர்கள் தயங்குவது அறியாமையால் அல்ல. மண் கெட்டது என்று ஒரு தாளில் வந்துவிட்டால் விளைச்சல் விலை போகாது, நிலமும் விலை போகாது. உலோகத்தை அங்கே கொண்டுவந்து சேர்த்தது பெரும்பாலும் அவர்கள் அல்ல. இழப்பு மட்டும் அவர்கள் தலையில் விழுகிறது. ஆகவே வயல் ஆய்வுக்கு நிதி தரும்போது, முடிவை நிலத்துக்காரருக்கு எப்போது, எப்படிச் சொல்வீர்கள், வரம்பு மீறியிருந்தால் அவர் என்ன செய்யலாம், அதற்கு யார் செலவு செய்வார் என்று எழுதித்தரச் சொல்லுங்கள். குறைவாக உறிஞ்சும் ரகமோ, சுண்ணாம்பிட்டு அமிலத்தன்மையைத் தணிப்பதோ, நீர் கட்டும் காலத்தை மாற்றுவதோ, உணவல்லாத பயிருக்கு மாறுவதோ, ஏதாவது ஒரு வழியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் வாசலுக்குப் போக வேண்டும். எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்த நிதி அறிவிப்புக்கான படிவம் தயாராகும்போது, உண்ணும் பாகத்தில் உலோகம் எவ்வளவு என்று அளப்பீர்களா, இல்லையென்றால் ஏன் என்ற ஒரு கேள்வியை மதிப்பெண்ணோடு சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டுதலில் அளவு, அமிலத்தன்மை, படிவு ஆகியவை பற்றிய பகுதியை எழுதித்தர நான் அணியமாக இருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுவோருக்கு, எங்களிடம் சேமிப்பில் உள்ள மண், மணி மாதிரிகளையும் அவற்றின் அளவுகளையும் தருகிறோம்.

இப்படிக்கு,
உலோக மாசும் பயிரும் குறித்து ஆராயும் ஒரு தாவர உடலியலாளர்